யார் ஊத்துன எண்ணெய் இது?

கலிஃபோர்னியால சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டின கடற்கரைகள்ல 1990கள் முழுக்க ஒரே கொடுமை திரும்பத் திரும்ப நடந்துச்சு. குளிர்காலம் வரும், புயல் அடிக்கும், கொஞ்ச நாள்ல உடம்பெல்லாம் கருப்பு எண்ணெய் அப்பின பறவைங்க கரை ஒதுங்கும். அதிகமா செத்தது ‘மர்’னு ஒரு கடல்பறவை, கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, வாழ்க்கையில முக்காவாசி நேரம் தண்ணி மேலயே இருந்துக்கிட்டு முங்கி முங்கி மீன் புடிக்கற ஜாதி. அதோட இறகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு கோத்துக்கிட்டு தண்ணிய உள்ள விடாம இருக்கும். அதுல கொஞ்சூண்டு எண்ணெய் பட்டாலும் கோப்பு விட்டுடும், குளிர்ந்த தண்ணி நேரா தோலைத் தொடும், பறவை நடுங்கிக்கிட்டே கரைக்கு வந்து பட்டினிலயே செத்துடும். கூடவே மணல்ல தார் உருண்டைங்களும் கிடக்கும்.

ஆனா எந்தக் கப்பலும் முழுகல. எந்த டேங்கரும் மோதல. எங்கயும் குழாய் உடைஞ்சதா தகவல் இல்ல. அதனால அதிகாரிங்க அதுக்கு ‘மர்மக் கசிவு’ன்னே பேர் வெச்சாங்க.

முதல் சந்தேகம் யார் மேல போகும்? போற வர கப்பல் மேலதான். அந்தப் பக்கம் சுத்திகரிப்பு ஆலைங்க நிறைய, டேங்கர் வந்துக்கிட்டே இருக்கும், ராத்திரில டாங்க் கழுவின தண்ணிய கடல்ல விட்டுட்டு போயிருப்பான்னு நினைக்கறது இயல்பு. இன்னொரு சந்தேகம் கடல் அடி. கலிஃபோர்னியா கடல் அடிலேர்ந்து எண்ணெய் தானாவே ஊறி வரும், சான்டா பார்பரா பக்கத்துல கோல் ஆயில் பாய்ன்ட்ங்கற இடத்துல மட்டும் தினம் சுமார் 100 பேரல் அப்படி வருது, அந்தக் கரையோட பூர்வகுடி சூமாஷ் மக்கள் அந்தத் தாரைத் தடவித்தான் பலகைப் படகு கட்டுனாங்க. ரெண்டையும் பாத்தாங்க. ரெண்டுமே பொருந்தல.

2001 நவம்பர்லேர்ந்து 2002 வரைக்கும் நடந்த குளிர்காலம்தான் ரொம்ப மோசம். அந்தத் தடவை பறவை இறகுலேர்ந்து எடுத்த எண்ணெய லேப்ல ஓட்டிப் பாத்துட்டு, பழைய வருஷங்கள்ல எடுத்து வெச்சிருந்த சாம்பிளையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருக்காங்க. எல்லாம் ஒரே எண்ணெய். இந்தக் கேஸைப் பத்திப் படிக்கறப்ப இந்த இடத்துல நான் நாற்காலிலேர்ந்து எழுந்தே நின்னுட்டேன், ஏன்னா இந்த ஒரு ரிசல்ட்ல மொத்தக் கேஸும் திரும்பிடுது. போற வர கப்பலா இருந்தா வருஷத்துக்கு வருஷம் எண்ணெய் மாறணும், சரக்கு மாறும், போடற எரிபொருள் ஒவ்வொரு துறைமுகத்துலயும் மாறும். பத்து வருஷமா ஒரே எண்ணெய் வருதுன்னா அது எங்கயோ ஒரே இடத்துல, ஒரே டாங்க்ல உக்காந்திருக்கு. புயல் அடிச்சா மட்டும் வருதுன்னா அந்த டாங்க் கடலுக்கு அடில இருக்கு, அலை கீழ வரைக்கும் ஆட்டும்போது வெளில வருது.

அப்பறம் காத்தையும் நீரோட்டத்தையும் பின்னாடி ஓட்டிப் பாத்தாங்க, சாட்டிலைட் படம் பாத்தாங்க, அந்தப் பகுதில முழுகின கப்பல்களோட பழைய பட்டியலை எடுத்து ஒவ்வொண்ணா கழிச்சாங்க. 2002 பிப்ரவரில ரிமோட்ல ஓடற நீர்மூழ்கிய கீழ அனுப்பி சாம்பிள் எடுத்தாங்க. பொருந்திடுச்சு.

கப்பல் பேரு ஜேக்கப் லக்கன்பாக். 1953 ஜூலை 14 அன்னிக்கு சான் ஃபிரான்சிஸ்கோலேர்ந்து கொரியா போருக்கு சரக்கு ஏத்திக்கிட்டு கிளம்பின கப்பல். கோல்டன் கேட் பாலத்துக்குத் தென்மேற்கே சுமார் 17 மைல்ல ஹவாயன் பைலட்ங்கற இன்னொரு கப்பல் வந்து மோதிடுச்சு. மாலுமிங்க எல்லாரையும் காப்பாத்திட்டாங்க, கப்பல் மட்டும் சுமார் 180 அடி ஆழத்துக்குப் போயிடுச்சு. அது முழுகி ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள கொரியால போர் நிறுத்தமே கையெழுத்தாயிடுச்சு. எல்லாரும் மறந்துட்டாங்க. அதோட வயித்துல 4,57,000 கேலன், நம்ம கணக்குல 17 லட்சம் லிட்டருக்கு மேல, கப்பல் எஞ்சினுக்கான கனமான எரிபொருள் இருந்துச்சு. இரும்பு மெதுவா அரிச்சு அரிச்சு பல வருஷம் கழிச்சு அது வேலையைக் காட்டுச்சு. 1990லேர்ந்து 2003 வரைக்கும் 51,000க்கும் மேல பறவைங்க இதனால செத்திருக்கும்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க, அதுல 31,000க்கும் மேல மர் மட்டும்.

2002 கோடைல டைவர்ங்க இறங்கி, அந்தக் குளிர்ல இறுகிப்போன எண்ணெய சூடு பண்ணி சூடு பண்ணி ஒரு லட்சம் கேலனுக்கு மேல உறிஞ்சு எடுத்தாங்க, எடுக்க முடியாததை உள்ளயே வெச்சு அடைச்சாங்க. செலவு சுமார் 2 கோடி டாலர். கப்பல் கம்பெனியே இல்லாமப் போயிடுச்சு, அதனால எண்ணெய்க் கம்பெனிகள்கிட்ட பேரலுக்கு இவ்வளவுன்னு வாங்கிச் சேத்து வெச்சிருந்த கூட்டாட்சி நிதிலேர்ந்துதான் பணம் வந்துச்சு. மூலம் எதுன்னு தெரிஞ்சதாலதான் அதை அடைக்க முடிஞ்சுது. தெரியாம இருந்திருந்தா இன்னும் எத்தனையோ குளிர்காலம் கரைல நின்னு செத்த பறவையை எண்ணிக்கிட்டுதான் இருந்திருப்பாங்க.

இதுல எனக்கு இவ்வளவு ஆர்வம் வர காரணம் என் வேலை. நான் சென்னைல ஒரு தனியார் லேப்ல, ஒரு கலவைல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டற ஜிசி-எம்எஸ் மெஷினோட நாள் பூரா இருக்கறவன். மிளகாத்தூள்ல பூச்சிமருந்து, சமையல் எண்ணெய்ல கலப்படம், இதுதான் எங்களுக்கு வர சாம்பிள். கசிவு எண்ணெய அடையாளம் பாக்கறதும் இதே மெஷின்லதான், அதனால அந்த ஆளுங்க என்ன பாத்திருப்பாங்கன்னு என்னால ஸ்க்ரீனோட கற்பனை பண்ண முடியுது.

சாம்பிளை கரைப்பான்ல கரைச்சு, வடிகட்டி, ஊசில ஒரு மைக்ரோலிட்டர் எடுத்து உள்ள ஏத்துவோம். உள்ள 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி இழைக்குழாய் சுருட்டி வெச்சிருக்கும், உள்விட்டம் கால் மில்லிமீட்டர்தான். ஹீலியம் பின்னாடிலேர்ந்து தள்ளும், அடுப்போட சூடு 300 டிகிரி வரைக்கும் மெதுவா ஏறும், லேசான சாமான் முன்னாடி வரும், கனமானது கடைசில தள்ளாடித் தள்ளாடி வரும். வர ஒவ்வொண்ணும் ஸ்க்ரீன்ல ஒரு முனையா எழும்பும். புதுக் கச்சா எண்ணெய ஓட்டினா வரிசையா சம இடைவெளில சீப்போட பல்லு மாதிரி நிக்கும், அதெல்லாம் நேர்சங்கிலி ஹைட்ரோகார்பன். அழகா இருக்கும், ஆனா ஆளை அடையாளம் காட்டறது அது இல்ல. பல எண்ணெய்ல அது ஒரே மாதிரிதான் இருக்கும், கடல்ல கிடந்தா முதல்ல அழியறதும் அதுதான்.

நிஜமான அடையாளம் அடில ஒளிஞ்சிருக்கும். மெஷின்கிட்ட 191ங்கற நிறை உள்ள மூலக்கூறுத் துண்டுங்களை மட்டும் காட்டுன்னு சொன்னா அந்தப் பெரிய முனையெல்லாம் மறைஞ்சு, கடைசிப் பகுதில சின்னச் சின்னதா ஒரு கூட்டம் எழும்பும். ஹோப்பேன்னு பேரு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் அடிச் சேத்துல வாழ்ந்த பாக்டீரியாவோட செல் சவ்வுல இருந்த மூலக்கூறோட எலும்புக்கூடு அது. பாக்டீரியா செத்து, சேறு பாறையாகி, பாறை வெந்து எண்ணெயாகி, இத்தனைக்கும் அப்பறமும் அந்தக் கூடு உடையாம இருக்கு. எந்த ஹோப்பேன் எவ்வளவு, ஒண்ணுக்கொண்ணு என்ன விகிதம்ங்கறது ஒவ்வொரு எண்ணெய் வயலுக்கும் வேற வேற. இதைத்தான் எண்ணெயோட கைரேகைன்னு துறைல சொல்றாங்க.

அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஓலியனேன். அது முக்கியமா பூக்கற தாவரங்கள்லேர்ந்து வரக்கூடியது. ஆக பூச்செடிங்க உலகத்துல பரவறதுக்கு முன்னாடி உருவான பாறைலேர்ந்து வர எண்ணெய்ல அது பொதுவா இருக்காது. நைஜர் டெல்டா, இந்தோனேஷியா, நம்ம அஸ்ஸாம், பாம்பே ஹை, கிருஷ்ணா கோதாவரி எண்ணெய்கள்ல அது தென்படும், வளைகுடா நாட்டு எண்ணெய்ல பொதுவா தென்படாது. நம்ம கரைல ஒரு தார் உருண்டை கிடைச்சா, அது வளைகுடாலேர்ந்து வர டேங்கரோடதா இருக்குமா, வேற எங்கயாச்சும் உள்ளதான்னு முதல் பிரிவு பிரிக்க இந்த ஒரு முனையே பெரிய உதவி. எப்பவோ ஒரு காலத்துல ஆத்தோரம் நின்ன மரத்தோட பிசின், இன்னிக்கு ஒரு கப்பலை மாட்டிவிடுதுன்னா அதை நினைச்சுப் பாக்கவே எனக்கு சிலிர்க்குது.

கப்பல் எரிபொருள்ல இன்னொரு வசதி. அது சுத்திகரிப்பு ஆலைல மிஞ்சின கசடோட லேசான எண்ணெய்ங்களைக் கலந்து செய்யறது, ஒவ்வொரு துறைமுகத்துல போடறதும் ஒவ்வொரு கலவை, கப்பல் டாங்க்ல ஏற்கெனவே மிச்சம் இருந்ததோட அதுவும் கலந்துடும். அதனால ரெண்டு கப்பலோட எரிபொருள் அச்சு அசலா ஒண்ணா இருக்கறது ரொம்ப அபூர்வம். அதுக்கும் மேல, மார்போல்ங்கற சர்வதேச ஒப்பந்தப்படி கப்பல்ல எரிபொருள் ஏத்தும்போது ஒரு சாம்பிள் எடுத்து சீல் வெச்சு குறைஞ்சது 12 மாசம் வெச்சிருக்கணும். கந்தகம் எவ்வளவுன்னு செக் பண்ணத்தான் அந்த விதி வந்துச்சு, ஆனா கசிவு நடந்தா ஒப்பிட்டுப் பாக்க இதைவிட நல்ல சாம்பிள் எங்க கிடைக்கும்?

எண்ணெய் கடல்ல விழுந்த நிமிஷத்துலேர்ந்து மாற ஆரம்பிச்சுடும். லேசானதெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள்ல ஆவியாப் போயிடும். அப்பறம் பாக்டீரியா வந்து நேர்சங்கிலிங்களைத் தின்னும், கிளை வெச்ச சங்கிலிங்களை அவ்வளவு சுலபமா தின்னாது. 17 கார்பன் உள்ள நேர்சங்கிலியையும் அதுக்குப் பக்கத்துலயே வர ப்ரிஸ்டேன்ங்கற கிளைச்சங்கிலியையும் ஒப்பிட்டா எவ்வளவு தின்னிருக்குன்னு ஓரளவு தெரிஞ்சுடும். ஹோப்பேன் கூட்டம் மட்டும் வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். ஐரோப்பால இதுக்குன்னு வெச்சிருக்கற முறைல ரிப்போர்ட் நாலு விதமாத்தான் எழுதலாம்: பொருந்துது, பெரும்பாலும் பொருந்துது, சொல்ல முடியல, பொருந்தல. அந்த மூணாவது பதிலை எழுத தைரியம் உள்ள லேப்தான் நல்ல லேப்னு நான் நினைக்கறேன், கேஸ் குடுத்தவங்க எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஏன்னா இந்தப் பரிசோதனை மாட்டிவிட மட்டும் இல்ல, விடுவிக்கவும் செய்யும். 1989ல எக்ஸான் வால்டீஸ் அலாஸ்கால பிரின்ஸ் வில்லியம் சவுண்ட்ல எண்ணெயைக் கொட்டினது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்பறம் அந்தக் கரைல கிடைச்ச தாரையெல்லாம் அமெரிக்க நிலவியல் துறை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பாத்தாங்க. நிறைய தார் எக்ஸான் கொட்டின அலாஸ்கா எண்ணெயோட ஒட்டவே இல்ல. கலிஃபோர்னியாவோட மான்டெரேங்கற பாறை அடுக்குலேர்ந்து வர எண்ணெயோட பொருந்துச்சு. அலாஸ்கா கரைல கலிஃபோர்னியா தார் எப்படி? அலாஸ்கால எண்ணெய் எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எரிபொருளும் ரோடு போடற தாரும் கலிஃபோர்னியாலேர்ந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு. 1964 மார்ச் 27 அன்னிக்கு 9.2 அளவுல பூகம்பம் வந்து வால்டீஸ் ஊர்ல இருந்த டாங்க்ங்க உடைஞ்சு கடல்ல கொட்டுச்சு. அந்தத் தார்தான் அத்தனை வருஷம் பாறை மேல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எக்ஸான் செஞ்ச நாசத்துல இதனால ஒரு துளியும் குறையாது, அது வேற கணக்கு. ஆனா எந்தத் தார் யாருதுன்னு பிரிச்சுச் சொன்னாத்தான் அந்தக் கணக்கு கோர்ட்ல நிக்கும்.

சாட்டிலைட் பத்தி கேக்காம விட மாட்டீங்க. இப்ப வானத்துலேர்ந்து ராடார் சாட்டிலைட்ங்க ராத்திரி, மேகம் எதையும் பாக்காம கடலைப் படம் புடிக்குது, ஐரோப்பாவோட சென்டினல்-1 படம் எல்லாருக்கும் இலவசம், நாமளே டவுன்லோட் பண்ணிப் பாக்கலாம். கடல் மேல காத்து உண்டாக்கற சின்னச் சின்ன நெளிவுலதான் ராடார் அலை பட்டுத் திரும்பும். எண்ணெய் படர்ந்த இடத்துல அந்த நெளிவு அடங்கிடும், அதனால படத்துல கருப்பா ஒரு கோடு. கப்பல் ஓடிக்கிட்டே விட்டிருந்தா கோடு நீளமா, ஒரு முனைல ஒல்லியா இருக்கும், சில படத்துல அந்த ஒல்லி முனைல வெள்ளைப் புள்ளியா கப்பலே தெரியும். அந்த நேரத்துல அங்க எந்தக் கப்பல் போச்சுன்னு, கப்பல்ங்க தங்களோட பேரையும் இடத்தையும் தானா அனுப்பற ஏஐஎஸ் சிக்னலை வெச்சுப் பாத்துக்கலாம். ஐரோப்பாவோட கடல் பாதுகாப்பு ஏஜென்சி 2007லேர்ந்து இதை முறையா செஞ்சுக்கிட்டிருக்கு, அமெரிக்கால ஸ்கைட்ரூத்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு தானா கறையைக் கண்டுபிடிச்சு கப்பலோட சேத்துக் காட்டற சாஃப்ட்வேரையே எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்காங்க. 2022ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, சென்டினல் படங்களை வெச்சு உலகம் பூராவும் பாத்ததுல கடல் மேல தெரியற எண்ணெய்ப் படலத்துல 94 சதவீதம் மனுஷங்களாலன்னு. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இயற்கைன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

ஆனா படம் மட்டும் போதாது. காத்தே அடிக்கலேன்னாலும் கருப்பாத் தெரியும், பாசி படர்ந்தாலும் தெரியும், மீன் எண்ணெய்ப் படலமும் தெரியும். காத்து பலமா அடிச்சா இருக்கற எண்ணெயும் தெரியாது. ஏஐஎஸ்ஸை அணைச்சுட்டுப் போற கப்பலும் உண்டு. எண்ணெய் நீரோட்டத்தோட அப்படியே போகும், கூடவே காத்து வேகத்துல சுமார் 3 சதவீதம் இழுத்துக்கிட்டுப் போகும்னு ஒரு கணக்கு இருக்கு, அதைப் பின்னாடி ஓட்டினா எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு தோராயமா ஒரு வட்டம் கிடைக்கும். நாள் ஆக ஆக அந்த வட்டம் பெருசாகிக்கிட்டே போகும்.

பிரேசில்ல 2019ல நடந்தது இதுக்கு வேதனையான உதாரணம். ஆகஸ்ட் கடைசில பராய்பா மாநிலத்துக் கரைல கெட்டியான கருப்பு எண்ணெய் ஒதுங்க ஆரம்பிச்சுது, சில மாசத்துல 3,000 கிலோமீட்டர் கரை நாசம், ஆயிரக்கணக்கான டன் அள்ளினாங்க, மீனவங்களும் சாதாரண ஜனங்களும் வெறுங்கையாலயே அள்ளினாங்க. லேப் சீக்கிரமே சொல்லிடுச்சு, இது வெனிசுவேலா எண்ணெய் ஜாடைன்னு. நவம்பர் 1 அன்னிக்கு ஃபெடரல் போலீஸ் பூபுலினாங்கற கிரேக்கக் கொடி டேங்கர் பேரைச் சொன்னாங்க, அது ஜூலைல வெனிசுவேலால சரக்கு ஏத்திக்கிட்டு ஆசியாப் பக்கம் போன கப்பல். ஆதாரமா காட்டின சாட்டிலைட் படத்துல இருக்கறது எண்ணெயே இல்லன்னு வேற விஞ்ஞானிங்க மறுத்தாங்க. ஏத்தின சரக்கை மலேசியால குறையில்லாம இறக்கிட்டோம்னு கப்பல் கம்பெனியும் மறுத்துச்சு. 2021 டிசம்பர்ல போலீஸ் தங்களோட விசாரணைய முடிச்சு ஒரு கிரேக்கக் கப்பல்தான்னு திரும்பச் சொன்னாங்க. வெனிசுவேலான்னு தெரியறது நாடு வரைக்கும்தான். கப்பலைச் சொல்லணும்னா அந்தக் கப்பல் டாங்க்ல இருந்த எண்ணெய் கைல வேணும், குற்றச்சாட்டு வரும்போது அந்தச் சரக்கு உலகத்தோட அடுத்த பக்கத்துல இறங்கியே போயிருந்துச்சு.

மனுஷங்க வாய் திறந்தும் மாட்டியிருக்கு. கப்பல் எஞ்சின் ரூம்ல சேர்ற எண்ணெய்த் தண்ணிய பிரிப்பான் வழியா விட்டு, எண்ணெய் 15 பிபிஎம்முக்குக் கீழ, அதாவது பத்து லட்சத்துல 15 பங்குக்குக் கீழ வந்தப்பறம்தான் கடல்ல விடணும், அதை ஒரு பதிவேட்டுல எழுதவும் செய்யணும். அந்தப் பிரிப்பானைச் சுத்திக்கிட்டு ஒரு திருட்டுக் குழாயைப் போட்டு நேரா கடல்ல விடறது உண்டு, மேஜிக் பைப்னு கப்பல்காரங்க சொல்வாங்க. 2013ல கரீபியன் பிரின்சஸ்ங்கற சொகுசுக் கப்பல்ல புதுசா சேர்ந்த ஒரு இஞ்சினியர் இதைப் பாத்துட்டு, படம் எடுத்துக்கிட்டு, சவுத்தாம்டன்ல கப்பல் நின்னதும் வேலையை விட்டு இறங்கி புகார் குடுத்தார். அந்தக் கம்பெனி குத்தத்தை ஒத்துக்கிட்டு 4 கோடி டாலர் அபராதம்னு 2016ல முடிவாச்சு. சொந்த வேலையவே பணயம் வெச்சு அந்த மனுஷன் அந்தப் போட்டோவை எடுத்தது எனக்கு எந்த சாட்டிலைட்டை விடவும் பெருசாத் தெரியுது.

நம்ம ஊருக்கு வரேன். 2017 ஜனவரி 28 விடியக்காலைல எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளில பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. மூலம் யாருன்னு தேட வேண்டியதே இல்ல, ஆனா முதல்ல வந்த அறிக்கைல எண்ணெய்க் கசிவால பாதிப்பு இல்லன்னாங்க. எர்ணாவூர் பாரதியார் நகர்ல கரைப் பாறைக்கு நடுவுல கன்னங்கரேல்னு கசடு தேங்கி நின்னுச்சு, மெரினா தாண்டி தெக்கேயும் போச்சு. ஸ்டூடன்ட்ஸ், மீனவங்க, கோஸ்ட் கார்ட் ஆளுங்கன்னு வரிசைல நின்னு பக்கெட் பக்கெட்டா அள்ளின படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெக்சிகோ வளைகுடால டெய்லர் எனர்ஜிங்கற எண்ணெய்க் கம்பெனியோட கதையும் இதே ஜாதிதான், 2004ல ஐவன் புயல்ல அவங்க எண்ணெய் எடுக்கற மேடை சாஞ்சு கிணறுங்க கசிய ஆரம்பிச்சுது, 2010ல ஸ்கைட்ரூத் ஆளுங்க வேற ஒரு கசிவைப் பாக்கப்போய் சாட்டிலைட் படத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க, ஒரு நாளைக்கு சில கேலன்தான்னு கம்பெனி சொல்லிக்கிட்டே இருந்துச்சு, 2019ல ஒரு மூடி மாதிரி அமைப்பை இறக்கினப்ப தினம் சுமார் 1,000 கேலன் கைல கிடைச்சுது. யாருன்னு தெரிஞ்சாலும் எவ்வளவுன்னு அளந்து சொல்ல ஆள் வேணும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்தது வேற மாதிரி. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், வெள்ளம் புகுந்த வீடுங்க, எல்லா இடத்துலயும். மணலில இருக்கற சுத்திகரிப்பு ஆலை தன்னோட குழாய்ல கசிவு இல்லன்னுச்சு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வளாகத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னுச்சு, பசுமைத் தீர்ப்பாயம் விசாரிச்சுது. தண்ணி வடிஞ்சப்பறம் நான் காட்டுக்குப்பம் பக்கம் போயிருந்தேன். வீட்டுச் சுவர்ல இடுப்பு உயரத்துக்கு, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. நகத்தால சுரண்டினா கோடு வரல, நகம்தான் கருப்பாச்சு. கழிமுகத்துல கையாலயே எறா தடவிப் புடிக்கற ஒரு அக்கா, ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. முதல் நாள் வாசல்ல நின்ன தண்ணிய அப்படியே புடிச்சு வெச்சிருக்காங்க. “இது எங்கேந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. ஆனா எங்களாண்ட இன்னா ஆதாரம் கீது?”ன்னாங்க.

அவங்க கைலதான் ஆதாரம் இருந்துச்சு. பிளாஸ்டிக் பாட்டில்ல வெயில்ல கிடந்து பாழாயிட்டிருந்துச்சு, அதை வாங்கி வெச்சுக்க யாரும் வரல. சாம்பிள்னா அது வெள்ளைக் கோட்டு போட்டவங்க சமாச்சாரம்னு நம்ம எல்லாரையும் நம்ப வெச்சிருக்காங்க. லக்கன்பாக் கேஸ்ல ஜெயிச்சது யாரோ ஒருத்தர் செத்த பறவையோட எண்ணெய் இறகைக் குப்பைல போடாம, தேதி எழுதி, லேப்ல பத்திரப்படுத்தி வெச்சதாலதான். கோவா கரைல ஒவ்வொரு மழைக்காலமும் தார் உருண்டை ஒதுங்குது, தேசியக் கடலியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் பாத்து, சில வருஷத்து உருண்டை பாம்பே ஹை எண்ணெயோட ஒத்துப்போகுது, சில வருஷத்து உருண்டை டேங்கர் கழுவினதா இருக்கும்னு எழுதியிருக்காங்க. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துல கசிவு எந்தப் பக்கம் போகும்னு கணிச்சுச் சொல்ற வசதி இருக்கு. கோஸ்ட் கார்ட்தான் இதுக்கெல்லாம் பொறுப்பு. அறிவும் மெஷினும் நம்மகிட்ட இருக்கு. முதல் நாள் கரைல நிக்கறது மீனவங்கதான், அவங்க கைல ஒரு கண்ணாடி பாட்டிலும், அதை வாங்கிக்க ஒரு பொறுப்பான இடமும் இருக்கணும்ங்கறதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு கடலோர மாவட்டத்துலயும், ஒவ்வொரு மீன் இறங்குதளத்துலயும்.

அது வர வரைக்கும், கரையோரம் இருக்கறவங்க இதை எழுதி வெச்சுக்குங்க. வாய் அகலமான கண்ணாடி பாட்டில், நல்லாக் கழுவி காய வெச்சது. கைல உறை போட்டுக்குங்க, மூச்சு முட்டற நாத்தம் இருந்தா கிட்டப் போகாதீங்க. ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், பக்கெட் தேவையே இல்ல, சுத்தமான ஸ்பூனாலயோ குச்சியாலயோ எடுங்க, ரெண்டு மூணு இடத்துல தனித்தனி பாட்டில்ல எடுங்க. எண்ணெய் படாத மணலையும் ஒரு பாட்டில்ல எடுங்க, ஒப்பிட்டுப் பாக்க அது ரொம்ப முக்கியம். மூடிக்குக் கீழ அலுமினிய ஃபாயில் வைங்க, பிளாஸ்டிக் மூடி எண்ணெயைத் தொடக் கூடாது. எடுத்த இடம் தெரியற மாதிரி பின்னாடி கோயிலோ கம்பமோ வர மாதிரி போட்டோ. பாட்டில் மேல தேதி, நேரம், இடம், எடுத்தவங்க பேரு. அப்பறம் ஃப்ரிட்ஜ்ல, வெளிச்சம் படாம, சாப்பாட்டை விட்டுத் தள்ளி வைங்க. யார் வந்து கேட்டாலும் எல்லா பாட்டிலையும் குடுத்துடாதீங்க, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும், குடுத்ததுக்குக் கையெழுத்து போட்ட ரசீது வாங்கிக்குங்க.